ஒண்ணுமில்லையாம்

டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். மேசைமேல் ஒரு தாளை இழுத்து வைத்துப் பை மாதிரி ஒன்றை வரைந்தார். பையின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளியைப் பேனாவால் தட்டினார். பிறகு உள்ளங்கையை நெஞ்சுக்குக் கீழே வைத்துக் காட்டினார். நடுநடுவே மச்சினனைப் பார்த்து ஏதோ கேட்டார். மச்சினன் அதற்கெல்லாம் நீளமாகப் பதில் சொன்னான். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்த இஸ்திரி அண்ணனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் டாக்டர் பேனாவை மூடினார்.

"என்ன சொல்றாரு மாப்ள?"

"ஒண்ணுமில்லையாம் மாமா."

"இவ்வளவு நேரம் பேசினாரே."

"ஒண்ணுமில்லைங்கிறதை விவரமாச் சொன்னாரு."

இஸ்திரி அண்ணனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவர் வந்தது தோள்வலிக்கு. ஹோட்டல் சலவைக்கூடத்தில் வருஷக்கணக்காகப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தேய்த்து வலது கை காதுக்குமேல் எழும்ப மாட்டேன் என்றது. காலையில் சட்டை போட மனைவி கையைப் பிடித்து உள்ளே நுழைக்க வேண்டியிருந்தது. ஆனால் டாக்டர் தோளைத் தொடவே இல்லை. கட்டிலில் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார். போன தடவையும் வயிறுதான். அதிலும் அவர் அமுக்கியது இஸ்திரி அண்ணனின் வயிற்றை. பார்த்தது மச்சினனின் முகத்தை. அமுக்க அமுக்க மச்சினனின் முகம் கூடையில் கிடக்கும் துணி மாதிரி கசங்கியது.

வெளியே வந்ததும் இஸ்திரி அண்ணன் கேட்டார். "தோள்வலிக்கு எதுக்குடா வயித்தை அமுக்குறாரு?"

"இந்த ஊர் வைத்தியம் அப்படித்தான் மாமா. வலிக்கிற இடத்தை விட்டுட்டு வலி கிளம்புற இடத்தைப் பாப்பாங்க."

"வயித்துலேருந்தா கிளம்புது?"

"நரம்பு மாமா. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு."

மருந்துக்கடைக்குள் மச்சினன் தனியாகப் போனான். தனியாகத் திரும்பி வந்து ஒரு களிம்பு டியூபை நீட்டினான்.

"சீட்டுல நிறைய எழுதியிருந்தாரே?"

"பாதி அவரோட கையெழுத்து மாமா."

மறுத்துப் பேச இஸ்திரி அண்ணனிடம் பாஷை இல்லை. அந்த ஊர் மொழியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் விரிப்பு, தலையணை உறை, ஈரம், சூடு, சீக்கிரம், இன்னும் சீக்கிரம். சலவைக்கூடத்துக்கு அது போதும். ஆஸ்பத்திரியிலோ தமிழ் தெரிந்த ஒருவர்கூடக் கிடையாது. வேண்டுமென்றால் சொந்தக்காரரைக் கூட்டி வா என்பது அங்கே வழக்கம். மச்சினன் போன வருஷம்தான் வந்தான். காய்கறிக் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை. ஆனால் வந்து இறங்கிய வாரமே பஸ் டிரைவரோடு அந்த ஊர் மொழியில் சண்டை போட்டு ஜெயித்தவன். அதனால் வீட்டின் வாய் அவன்தான்.

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் இஸ்திரி அண்ணனுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. சோறு வெள்ளையாக இருந்தது, சரி. காயும் வெள்ளையாக இருந்தது.

"மிளகாய் தீந்து போச்சா?"

"டாக்டர் காரம் ஆகாதுன்னு சொன்னாராம்" என்றாள் மனைவி.

"என்கிட்ட சொல்லலையே."

"தம்பிகிட்ட சொன்னாராம்."

எதிரே மச்சினனும் அதே வெள்ளைக் காயைத்தான் பிசைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு டம்ளர் பால் வேறு.

"இவனுக்கு என்ன வந்துச்சு?"

"உங்களுக்குத் துணையாச் சாப்பிடுறான். நீங்க மட்டும் கஷ்டப்படக் கூடாதுல்ல."

இஸ்திரி அண்ணன் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். வீடு மாறியபோது அலமாரியின் ஒரு முனையைத் தூக்கக் கூப்பிட்டால் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று படுத்துக்கொண்டவன் இந்த மச்சினன். அவன் ஒருவருக்குத் துணையாகப் பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிறான் என்றால், அந்த ஒருவர் அதிக நாள் இருக்கப் போவதில்லை என்று அர்த்தம்.

அந்த நினைப்பு வந்தபோது அவரே அதைத் தள்ளிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அது திரும்பி வந்தது. கடைக்குப் போனவர் சீக்கிரமே திரும்பி, வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சமையலறையில் அக்காவும் தம்பியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாருடா."

"தெரியவே வேணாம்க்கா. இன்னும் கொஞ்ச நாள்தான். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

இஸ்திரி அண்ணன் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். பிறகு கழற்றியதை மறுபடி மாட்டிக்கொண்டு, தெருமுனை வரை போய், வழக்கத்தைவிடச் சத்தமாகச் செருமிக்கொண்டு திரும்பி வந்தார்.

"வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. சிரித்த முகம். கண் மட்டும் சிவந்திருந்தது.

"வெங்காயம் நறுக்கினியா?"

"ஆமா."

பலகைமேல் இருந்தது கேரட்.

மறுநாள் வேலையிடத்தில் ஒரு பையனைப் பிடித்துத் தன் போனில் மொழிபெயர்க்கும் செயலி ஒன்றை ஏற்றிக்கொண்டார். யார் தயவும் வேண்டாம், மெஷின் பொய் சொல்லாது என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த தடவை டாக்டர் வாயைத் திறந்ததும் இஸ்திரி அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். மச்சினனின் முகம் வெளுத்தது.

"மாமா, அதெல்லாம் எதுக்கு? நான் இருக்கேன்ல."

"நீயும் இரு. இதுவும் இருக்கட்டும்."

டாக்டர் போனைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், புன்னகைத்தார். பிறகு போனுக்காக நிறுத்தி நிதானமாகப் பேசினார். போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் ஆரம்பித்தது.

"சுவரில் ஓட்டை உள்ளது. ஓட்டை மூடிக்கொண்டு வருகிறது. புளித்தவற்றைச் சுவர்மேல் ஊற்ற வேண்டாம். காலியான பானையுடன் வேலைக்குச் செல்ல வேண்டாம். குடும்பத்தில் துக்கத்தைத் தவிர்க்கவும்."

இஸ்திரி அண்ணன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துக்கமா?" என்றார் இஸ்திரி அண்ணன்.

மச்சினன் எச்சில் விழுங்கினான். "வீட்டுச் சுவத்தைப் பத்திக் கேக்குறாரு மாமா. ஈரச் சுவர் இருக்கிற வீட்டுல தோள் வலிக்குமாம். ஓட்டை கீட்டை இருந்தா அடைச்சிடச் சொல்றாரு."

"பானை?"

"தண்ணி குடிக்கணுமாம். நிறைய."

நம்பவில்லை. ஆனாலும் ஒரு வேளை உண்மையாக இருந்தால் என்ற நப்பாசையில், வீட்டுக்குப் போனதும் படுக்கையறை அலமாரியை நகர்த்தினார். பின்னால் சுவரில் நிஜமாகவே ஒரு ஓட்டை இருந்தது. முன்பு யாரோ ஆணி அடித்துப் பிடுங்கிய இடம். இஸ்திரி அண்ணனுக்கு அப்படியொரு நிம்மதி. பூச்சு மாவு வாங்கி வந்து அடைத்தார். அடைக்கும்போது அழுத்தம் கூடி, சுற்றியிருந்த காரை ஒரு தட்டளவுக்குப் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. அதை அடைக்கக் கையைத் தூக்கியபோது தோளில் சுருக்கென்று ஒன்று பிடித்தது. அதற்கப்புறம் வலது கை காது வரைக்கும்கூட எழும்பவில்லை. தாடையோடு நின்றுவிட்டது.

"உங்களை யாருங்க சுவத்தைப் பேக்கச் சொன்னது?" என்று கேட்டாள் மனைவி.

"டாக்டர்" என்றார். வேறென்ன சொல்வது?

அடுத்து அவர் நம்பியது சலவைக்கூடத்தில் பக்கத்து மேசையில் துண்டு மடிக்கும் அம்மாளை. அவளும் வேறொரு நாட்டிலிருந்து வந்தவள்தான். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவள் பாஷை தெரியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் இருவரும் கையாலேயே நிறையப் பேசியிருக்கிறார்கள். அவளுக்கு அந்த ஊர் மொழி நன்றாக வரும். அவளிடம் விளங்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கச் சொல்லலாம் என்பது திட்டம்.

முதலில் தன்னைச் சுட்டிக் காட்டினார். பிறகு டாக்டர் வரைந்த பையைக் காற்றில் வரைந்தார். அதில் விரலால் ஒரு ஓட்டை போட்டார். மனைவி அழுவதை நடித்துக் காட்டினார். கடைசியாகத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி, மேலே கையைக் காட்டினார். இதெல்லாம் நிஜமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவது என்று யோசிப்பதற்குள் அந்த அம்மாள் கையிலிருந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

சாப்பாட்டு இடைவேளைக்குள் கூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நீராவி மெஷின்களை யாரோ நிறுத்தினார்கள். எல்லாரும் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதுவும் வலது கையை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவர்களும் அழுதார்கள். எப்போதும் 'இன்னும் சீக்கிரம்' என்று மட்டுமே சொல்லும் மேற்பார்வையாளர் வந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முதல் தடவையாக 'மெதுவா' என்றார்.

மேற்பார்வையாளருக்கே தெரிந்திருக்கிறது என்றால் விஷயம் உறுதி என்று இஸ்திரி அண்ணன் நினைத்தார். செய்தியைக் கிளப்பியது தானேதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், வாடகைக்குக் குடியிருப்போர் துணி துவைக்கும் அறையில், மாதாமாதம் ஒரு கூட்டம் நடக்கும். தையலக்கா நடத்துவாள். துணிக்கடை ஒன்றில் பேன்ட் உயரம் குறைத்துக் கொடுக்கிறவள். இத்தனை நாளும் அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் தப்பிக்க இஸ்திரி அண்ணனுக்கு ஆயிரம் சாக்கு இருந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரி விஷயம் பேசப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். மச்சினனும் பின்னாலேயே வந்து கதவோரமாக நின்றுகொண்டான்.

"ரெண்டு கோரிக்கை" என்றாள் தையலக்கா. "ஒண்ணு, ஆஸ்பத்திரியில நம்ம பாஷை பேசுற மொழிபெயர்ப்பாளர் வேணும். நேர்ல இல்லைன்னா போன்லயாவது. ரெண்டு, மருத்துவ அட்டை இன்னும் வராதவங்களையும் டாக்டர் பாக்கணும். அட்டை வர வருஷம் ஆகுது. அதுவரைக்கும் நோய் காத்துக்கிட்டு இருக்குமா?"

யாரோ கேட்டார்கள். "வீட்டுப் பிள்ளைங்கதான் பேசுதுங்களே அக்கா. அது போதாதா?"

தையலக்கா மெதுவாகச் சொன்னாள். "எனக்கு என் பொண்ணுதான் பேசினா. அப்ப மூணாவது படிச்சுக்கிட்டிருந்தா. டாக்டர் சொன்ன வார்த்தைக்கு அவளுக்குத் தமிழ் தெரியலை. 'அம்மா, நான் இருந்தேன்ல ஒரு பை, அதை எடுத்துடப் போறாங்களாம்'னு சொன்னா. சொல்லிட்டு, 'எடுத்துட்டா நான் எங்கிருந்து வந்தேன்னு யாருக்கும் தெரியாமப் போயிடுமா'ன்னு கேட்டா. அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், சொல்லுங்க."

துவைக்கும் மெஷின் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றாள். "முதல்ல மொழிபெயர்ப்பாளர்."

எல்லாக் கையும் எழுந்தது. இஸ்திரி அண்ணன் இடது கையைத் தூக்கினார். மச்சினன் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"ரெண்டாவது, அட்டை இல்லாதவங்களுக்கு வைத்தியம்."

மச்சினனின் கை எல்லாருக்கும் முன்னால் எழுந்தது.

இஸ்திரி அண்ணன் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். படியேறும்போது கேட்டார். "ரெண்டாவதுக்கு மட்டும் கை தூக்கினே?"

"எனக்குத்தான் அட்டை இன்னும் வரலையே மாமா. அதான்."

"முதல் கோரிக்கைக்கு என்ன குறைச்சல்?"

"உங்களுக்கு நான் இருக்கேன்ல. வெளி ஆளை நம்பி எப்படிப் பேசுறது? அவங்க டாக்டர் சொல்றதை அப்படியே சொல்லிடுவாங்க மாமா."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். விடுவிடுவென்று மேலே ஏறிப் போய்விட்டான். இஸ்திரி அண்ணன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுப்படியிலேயே நின்றார். இனிச் சந்தேகப்பட எதுவும் மிச்சமில்லை. தன் சாவு தன்னைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து அவர் வேறு ஆள். மறைக்கிறவர்களிடம் கேட்டுக் கெஞ்சப் போவதில்லை; டாக்டர் வாயிலிருந்து தமிழில் கேட்டுவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்தார். வேலை விட்டதும் தையலக்காவோடு வீடு வீடாகப் போனார். மற்ற நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களையும் கதவைத் தட்டிக் கூப்பிட்டார். துண்டு மடிக்கும் அம்மாள் தன் ஆட்களில் ஒரு படையையே திரட்டினாள். இது இவருடைய கடைசி ஆசை என்று அவள் சொல்லிவைத்திருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரி நிர்வாகிகள் ஒருவழியாகச் சந்திக்க ஒத்துக்கொண்டார்கள். மாநாட்டு அறை. நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர், தண்ணீர்ப் பாட்டிலோடு. இந்தப் பக்கம் உட்கார இடமில்லாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். இஸ்திரி அண்ணன்தான் முதலில் பேச வேண்டும் என்றாள் தையலக்கா. அதை மொழிபெயர்க்க மச்சினனைவிட நல்ல ஆள் இல்லை என்று அவனையே நிறுத்திவிட்டாள்.

இஸ்திரி அண்ணன் தேய்த்து மடிப்புக் கலையாத சட்டையில் எழுந்தார்.

"ஐயா, நான் சாகப் போறவன். அதைக்கூட எனக்கு யாரும் சொல்லலை. என் உயிர் சமாச்சாரத்தை என் பொண்டாட்டியோட தம்பி வாயில குடுத்துட்டு நீங்க நிம்மதியா உக்காந்திருக்கீங்க. உங்க ஆஸ்பத்திரியில எனக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை. வெறும் வயிறு மட்டும்தான் இருக்கு."

மச்சினன் இரண்டு வார்த்தை சொன்னான். நடுவிலிருந்த நிர்வாகி அம்மாள் மலர்ந்து சிரித்து நன்றி சொன்னாள்.

இஸ்திரி அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது. "என்னடா சொன்னே?"

"ஆஸ்பத்திரி சுத்தமா இருக்குன்னு சொன்னேன் மாமா. எடுத்ததும் மரியாதையா ஆரம்பிக்கணும்ல."

"உக்காரு."

"மாமா..."

"உக்காருடா."

அவன் உட்கார்ந்தான். இஸ்திரி அண்ணன் மேசைமேல் இடது கையை ஊன்றி, நிர்வாகி அம்மாளின் கண்ணைப் பார்த்து, முழுக்கத் தமிழில் பேச ஆரம்பித்தார். தோளில் தொடங்கினார். பையும் புள்ளியும், வெள்ளைக் காய், சுவர் ஓட்டை, சமையலறைப் பேச்சு, எல்லாவற்றையும் கொட்டினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டு மடிக்கும் அம்மாள் எழுந்து அவள் பாஷையில் ஆரம்பித்தாள். சுவரோரம் நின்ற பெரியவர் ஒருவர் அவர் பாஷையில். பிறகு கைக்குழந்தையோடு ஒரு பெண். அறை முழுக்க ஆளாளுக்குத் தங்கள் வலியைத் தங்கள் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. யாரும் நிறுத்தவும் இல்லை.

நிர்வாகிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் குடித்தார்கள். ஒருவர் காதோரம் கையை வைத்துக் குனிந்தார். நடுவிலிருந்த அம்மாள் சிரித்துப் பார்த்தாள், தலையாட்டிப் பார்த்தாள், கடைசியில் எதுவும் விளங்காமல் கையை விரித்தாள்.

தையலக்கா மகளைப் பார்த்துத் தலையசைத்தாள். இப்போது வளர்ந்துவிட்ட அந்தப் பெண் எழுந்து அந்த ஊர் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். பிறகு தமிழிலும் அதையே சொன்னாள், இவர்களுக்குத் தெரியட்டும் என்று. "உங்களுக்கு இப்ப எப்படி இருக்கோ, அப்படித்தான் எங்களுக்கு இங்க எப்பவும் இருக்கு."

அந்த மாதமே போன் வழியாக மொழிபெயர்ப்பாளர் சேவையைச் சோதனையாக ஆரம்பிப்பதாக ஆஸ்பத்திரி சொன்னது. அட்டை விஷயத்தைப் பரிசீலிப்பார்களாம். முதல் மொழி தமிழ். முதல் நோயாளி, கூட்டத்தில் எழுந்து முதலில் பேசியவர்.

செய்தி வந்தபோது தையலக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் மட்டும் இழவு விழுந்த மாதிரி இருந்தது.

"முதல்ல வேற யாராவது போகட்டுமேங்க" என்றாள் மனைவி. "புதுசு. சரியா வேலை செய்யுதான்னு பாத்துட்டு அப்புறம் நீங்க போங்களேன்."

"எனக்கு ஏது அப்புறம்?"

அவளுக்கு அது புரியவில்லை. தம்பியைப் பார்த்தாள். மச்சினன் எழுந்து வந்து அவர் எதிரில் நின்றான்.

"மாமா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

இஸ்திரி அண்ணன் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். தாடை வரைக்கும்தான் உயர்ந்தது. "வேணாம் மாப்ள. உன் மனசு எனக்குத் தெரியும். என் மேல இருக்கிற பாசத்துலதான் மறைச்சே. ஆனா நான் டாக்டர் வாயால கேட்டுக்கறேன்."

"அது இல்லை மாமா..."

"பேசாதே. அழுதுடுவேன்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இஸ்திரி அண்ணன் வீட்டைச் சுற்றி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நீ வர வேண்டாம் என்று சொல்லியும் மச்சினன் கூடவே வந்தான். வழியெல்லாம் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தான். பாவம், அவனுக்கும் கஷ்டம்தான் என்று நினைத்து இஸ்திரி அண்ணன் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

டாக்டரின் மேசைமேல் புதிதாக ஒரு ஒலிபெருக்கிப் போன் இருந்தது. டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. பிறகு ஒரு பெண் குரல், தெளிவான தமிழில்.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர் பேசறேன். நீங்க சொல்றதை டாக்டருக்கும், டாக்டர் சொல்றதை உங்களுக்கும் அப்படியே சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஆரம்பிக்கலாங்களா?"

எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத அந்தப் பெண்ணின் தமிழைக் கேட்டதும் இஸ்திரி அண்ணனுக்கு நெடுநேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டுத் தலையை வெளியே எடுத்த மாதிரி இருந்தது.

"அம்மா, டாக்டர்கிட்ட கேளுங்க. எனக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

குரல் கேட்டது. டாக்டரின் புருவம் மேலே ஏறியது.

"எதுக்கு எவ்வளவு நாள்னு டாக்டர் கேக்குறார்."

"சாகுறதுக்கு. நான் தைரியமா இருக்கேன். ஒளிக்க வேணாம்னு சொல்லுங்க. நான் வந்தது தோள்வலிக்கு. வந்த நாள்லேருந்து அவரு என் தோளைத் தொட்டதே இல்லை. வயித்தையே அமுக்குறாரு. ஓட்டைங்கிறாரு. பொண்டாட்டி அழறா. இவன் எதையும் சொல்ல மாட்டேங்கிறான். வேலையிடத்துல கும்பலா வந்து கை குலுக்கிட்டாங்க. உள்ள என்ன இருக்குன்னு உண்மையைச் சொல்லச் சொல்லுங்க."

குரல் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னது. கேட்கக் கேட்க டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தரையைப் பார்த்தான். டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போனை நோக்கிக் குனிந்து, கொஞ்ச நேரம்தான் பேசினார்.

போனில் சத்தமே இல்லை.

"அம்மா, இருக்கீங்களா?" என்றார் இஸ்திரி அண்ணன். இடது கை நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. "எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இருக்கேங்க. டாக்டர் சொன்னதை நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு ஒரு தடவை அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

கேட்டாள். டாக்டர் ஆமாம் என்று தலையாட்டினார். தலையாட்டியது போனில் தெரியாது என்று நினைவு வந்ததும் வாயாலும் சொன்னார். பிறகு எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு இஸ்திரி அண்ணனின் வலது பக்கமாக வந்து நின்றார்.

போன் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"உங்க மச்சினனோட வயித்துப்புண்ணு நல்லா ஆறிடுச்சாம், அட்டை உங்க பேர்ல இருந்ததால இத்தனை நாளும் உங்களைப் படுக்கவெச்சு அமுக்கிட்டு அவர் முகத்தைப் பாத்துதான் வைத்தியம் பண்ண வேண்டியிருந்துச்சாம், இப்பவாவது உங்க தோளைப் பாக்கலாமான்னு டாக்டர் கேக்குறார்."